ஆறாம் தலத்துத் துணி

என்னோடு முழந்தாளிடுகிற சகோதரங்களே, இரண்டு வருடம் நான் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் பேசத் தெரிந்தவள் இல்லை, களைத்தவள். ஆனாலும் இதைச் சொல்லாவிட்டால் நன்றி கெட்டவளாவேன்.

அதுவும் இதே யுத்த காலம்தான். புறக்கோட்டையில் ஒரு கடையில் சேலைகளுக்குப் பூ வரைகிற வேலை எனக்கு. ஒருநாள் தெருவில் குண்டு வெடித்தது. கடைக் கண்ணாடியெல்லாம் என் முகத்தில். உயிர் பிழைத்தேன். நெற்றியிலிருந்து தாடை வரை தையல் போட்டார்கள்.

அதற்குப் பிறகு கொட்டாஞ்சேனை வீட்டில் இருந்த ஒரே முகக்கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். வெளியே போனால் முந்தானையால் மூடிக்கொள்வேன். தபசு காலக் கடைசியில் கோவில் சுரூபங்களை ஊதாத் துணியால் மூடுவோமே, அவற்றுக்கு இரண்டு கிழமைதான், எனக்கு இரண்டு வருடம்.

முகம் மூடிய தமிழ்ப் பெண்ணை எந்தச் சோதனைச் சாவடி விடும்? விலக்கச் சொல்வார்கள். அடையாள அட்டையில் பழைய முகம். "மே ஒயாத?" இது நீயா என்று கேட்டு மணிக்கணக்கில் நிறுத்துவார்கள். புதுப் படம் எடுத்து அட்டையை மாற்றச் சொன்னார்கள். கமராவுக்கு முன்னால் உட்கார மனம் வரவில்லை. வேலையை விட்டேன். பழைய முகத்தைத் தாரும் ஆண்டவரே என்று தினமும் அழுதேன். அவர் கேட்டதாகத் தெரியவில்லை. ஜெபிக்கவே சலித்துப்போனது.

இரண்டு வருடம் இப்படிப் போன பிறகு பெரிய வெள்ளிக்குப் பாடுகளின் காட்சி நடத்தினார்கள். சிலுவைப் பாதையின் ஆறாம் தலத்தில் வெரோணிக்காள் ஆண்டவரின் இரத்தம் வழியும் முகத்தைத் துடைத்து, அந்த முகம் பதிந்த துணியைச் சனங்களுக்கு விரித்துக் காட்டுவாள். வழக்கமாக அதை வரைகிறவர் கனடாவுக்குப் போய்விட்டார். வெரோணிக்காள் வேஷம் கட்டுகிற பிலோமினா அக்கா துணியோடு என்னிடம் வந்தார்.

மறுக்கத் தெம்பில்லாமல் வரைந்து கொடுத்தேன். கலண்டரில் இருக்கிற அதே முகம். சிவந்த கன்னம், சீவிய தாடி. அக்கா சிரித்துவிட்டார்.

"ஏன் பிள்ளை, இந்த முகத்தை நான் என்னத்துக்குத் துடைக்க வேணும்? சலூனுக்குப் போட்டு வந்த ஆள் மாதிரியெல்லோ இருக்கிறார்!"

எனக்குக் கோபம் வந்தது. "அப்ப காயம்பட்ட முகம் எப்பிடியிருக்கும் எண்டு நீங்களே சொல்லுங்கோவன்."

அக்கா என் முந்தானையையே பார்த்தார். வேறொரு துணியை வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை ஒரு அருள்நிறைமரியே ஜெபம் சொல்லிக் கண்ணாடியைத் திருப்பினேன். அழுதேன். அழுதுகொண்டே வரைந்தேன். தைத்த இடத்தில் தோல் எப்படி இழுபடுகிறது, கண் எப்படிக் கீழே இறங்குகிறது என்று பார்த்துப் பார்த்து வரைந்தேன். நான்கு நாள் ஆனது. முடிந்ததும் துணியிலிருந்த கன்னத்தைத் தொட்டேன். பிறகு என்னுடையதை.

பெரிய வெள்ளியன்று அக்கா அதை விரித்தபோது சனமெல்லாம் முழந்தாளிட்டது. நானும் மூடாத முகத்தோடு அவர்களுக்கு நடுவில் இருந்தேன்.

அடுத்த கிழமை அட்டைக்குப் படம் எடுக்க ஸ்டூடியோவுக்குப் போனேன். "மிஸ், தழும்பை டச் பண்ணி மறைச்சு விடட்டா?" என்றார் படம் பிடிப்பவர்.

"வேண்டாம் தம்பி. மறைச்சா திரும்பவும் என்னைப் பிடிப்பாங்கள்."

புது அட்டை கிடைத்தது. சாவடியில் சிப்பாய் அட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "ஹரி, யன்ன." சரி, போ என்றான். மறுபடி வேலைக்குப் போனேன்.

யுத்தம் இன்னும் முடியவில்லை. மழைக்குத் தழும்பு கடிக்கிறது. கேட்ட முகத்தை ஆண்டவர் தரவில்லை. இருக்கிற முகத்தோடு வாழ மனம் தந்தார். உங்களில் யாராவது கண்ணாடியைத் திருப்பி வைத்திருந்தால் அவரிடம் சொல்லுங்கள். களைப்போடேயே சொல்லுங்கள், கேட்பார். இந்தப் பெரிய வெள்ளிக்கும் அந்தத் துணியை விரிப்பார்கள். வந்து பாருங்கள். அந்தக் கன்னம் என்னுடையது.