அம்மா தைத்த இறக்கை

பத்து பாகாட் ஊர் விமானத் திடலில் அப்பாவுக்கு இறக்கைத் துணி பார்க்கிற வேலை. அந்தக் காலத்துப் போர் விமானங்களுக்கு இறக்கை துணிதான். எங்கள் திடலில் நின்றது ஒரே ஒரு கிழட்டு விமானம். ஆகாயக் கப்பல் என்போம். அதன் துணி அடிக்கடி எங்காவது கிழியும். புதுக் கப்பல் கேட்டால், சீமையில் பணமில்லை, இருப்பதை ஒட்டிப் பறக்கவிடு என்று பதில் வரும். அதைக் கேட்டுக் கேட்டு அப்பா சலித்துப்போயிருந்தார்.

ஒருமுறை சிங்கப்பூரிலிருந்து பெரிய துரை பார்வையிட வருவதாக இருந்தது; அவர் மனம் வைத்தால் புதுக் கப்பல் கிடைக்கும் என்று பேச்சு. அந்த நேரம் பார்த்து, இரண்டடுக்கு இறக்கையில் கீழடுக்குத் துணி கிழிந்தது. திடலின் தையல் மெஷினும் உடைந்து கிடந்தது. அப்பா மாற்றுத் துணியைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். அம்மா ஈஸ்டருக்குத் தைத்துத் தர ஒப்புக்கொண்ட சட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்.

"இதையும் என் தலையிலயா கட்டுறாங்க? சண்டைக்குப் போற கப்பலு, அதுக்கு ஒரு மெஷின் வாங்க முடியலயா?"

"நானும் அதத்தான் கேட்டேன் லா. அடுத்த வருஷம் பாக்கலாங்கிறாங்க. நீ தச்சுக் குடு. பழுது பாத்தவன்தான் மொதல்ல ஏறிப் பாக்கணுமாம்."

அம்மா சட்டைகளை ஒதுக்கிவிட்டுத் தைத்தார். மனம் ஒப்பாத இடங்களைப் பிரித்து மறுபடியும் தைத்தார்.

துரை வந்த அன்று பள்ளிப் பிள்ளைகளை வேலியோரம் நிறுத்தினார்கள். விமானிக்குப் பின்னிருக்கையில் அப்பா. கப்பல் ஊரைச் சுற்றிவிட்டு, பூப்போல இறங்கியது. அன்று முழுக்க வகுப்புக்கே நான்தான் ராணி.

வீட்டுக்கு வந்த அப்பா செருப்பை மூலையில் உதறினார்.

"துரைக்கு ரொம்பத் திருப்தியாம். இவ்வளவு நல்லாப் பறக்குது, புதுசு எதுக்குன்னு கேட்டுட்டுப் போயிட்டாரு. நமக்கு வர இருந்த புதுக் கப்பல வேற எடத்துக்குத் திருப்பி விட்டுட்டாங்க." அம்மா பக்கம் திரும்பினார். "நீ கொஞ்சம் மோசமாத் தச்சிருக்கலாம்."

"மோசமாத் தச்சு, உங்கள ஏத்தி அனுப்பியிருக்கணுமா?"

நான் குறுக்கே புகுந்தேன். "அப்ப நீங்க இன்னும் அதுல ஏறுவீங்களாப்பா?"

"ஏறித்தான் ஆகணும்."

நான் கைதட்டிக் குதித்தேன். அம்மா என் கைகளைப் பிடித்து அமர்த்தினார். பிடித்த கைகளை விடாமல் அவரும் தரையில் உட்கார்ந்துவிட்டார். அத்தனை பெரிய துணியைத் தைத்த களைப்பு என்றுதான் நினைத்துக்கொண்டேன்.