சூரியன் சரியில்லாத நாட்கள்

மலேசியாவின் பெக்கான் நானாஸில் ஓர் அன்னாசித் தோட்டத்தில் மருந்தடிக்கச் சேர்ந்தபோது, அது எனக்கு எத்தனையாவது வேலை என்று எண்ணுவதையே விட்டிருந்தேன். மருந்தை டிரோன் அடிக்கும். அது பறக்காத நாளில் நாங்கள் ஐந்து பேர் முதுகில் பம்பை மாட்டிக்கொண்டு முள் இலைகளுக்கு நடுவே நடப்போம்.

மழை, காற்று என்றால் புரியும். ஆனால் டிரோன் ஓட்டுபவர் சில நாள் பளீரென்ற வெயிலிலும் கைப்பேசியைப் பார்த்து, "இன்னிக்கு சூரியன் சரியில்ல, பறக்காது" என்பார். சூரியனிலிருந்து ஏதோ கிளம்பி வந்து பூமியின் காந்தத்தைக் கலைக்குமாம். அப்போது டிரோன் தன் இடத்தைத் தப்பாக எடுத்துக்கொண்டு பக்கத்துத் தோட்டத்துக் கீரையில் மருந்தைக் கொட்டுமாம். அந்தக் கலக்கம் எவ்வளவு இருக்கும் என்று தினமும் ஓர் எண்ணில் கணிப்பு வருகிறதாம். எண் ஐந்தைத் தொட்டால் டிரோன் பெட்டியை விட்டு வராது. அவர் நிழலில் உட்கார்ந்து அதைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

"அலமாக், சூரியனுக்கே உடம்பு சரியில்லன்னு எம்சி எழுதிட்டாருலா" என்றார் எங்களோடு மருந்தடிக்கும் அக்கா.

நான் ஃபார்ம் டூவோடு படிப்பை விட்டவன். ஆனால் எண் படிப்பேன். அந்தக் கணிப்பை என் கைப்பேசியிலும் எடுத்தேன். ஒரு நாளை மூன்று மூன்று மணி நேரமாகப் பிரித்திருந்தார்கள். ஒரு வியாழக்கிழமை டிரோன் ஓட்டுபவர் பறக்காது என்றார். பார்த்தால், ஐந்து இருந்தது பூஜ்யத்திலிருந்து மூன்று மணிவரை உள்ள கட்டத்தில். ஆறு மணிக்கு மேல் வெறும் இரண்டு. நாங்கள் தூங்கும்போது வந்து போனதற்குக் காலையில் விடுப்பா? பம்பை இறக்கி வைத்துவிட்டு, எங்களை வேலை வாங்கும் மண்டோரிடம் காட்டினேன்.

மண்டோர் டிரோன் ஓட்டுபவரை அங்கேயே கூப்பிட்டார்.

"தம்பி, பொய் சொல்லி உக்காந்திருந்தீங்கன்னா இன்னியோட வேலை முடிஞ்சிச்சி. சொல்லுங்க."

அவர் கோபப்படவில்லை. அதுவே என் சந்தேகத்தைக் கூட்டியது.

"அண்ணே, அதுல போட்டிருக்கிறது நம்ம ஊரு நேரம் இல்ல. உலகத்துக்கே பொதுவா ஒரு நேரம். நம்ம நேரம் வேணும்னா எட்டு மணி கூட்டணும்."

கூட்டினேன். பூஜ்யம் எட்டானது, மூன்று பதினொன்றானது. நாங்கள் அன்னாசிக்குள் நிற்கும் அதே நேரம். பக்கத்தின் மேலே மூன்று ஆங்கில எழுத்துகள் இருந்தன. அவைதான் அந்தப் பொது நேரமாம். நான் ஏதோ கம்பெனிப் பெயர் என்று தாண்டிப் போயிருந்தேன்.

மண்டோர் என்னைப் பார்த்தார். "நல்லா மாட்டி விட்டிருப்படா அவர. நாளையிலேர்ந்து நீயும் பாரு. ரெண்டு பேரும் ஒண்ணா சொன்னாத்தான் நான் நம்புவேன்."

அவருடைய வேலை தப்பியது. இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் எட்டைக் கூட்டிப் பார்த்தேன். ஐந்து. வேறு வழியில்லாமல், "இன்னிக்கு பறக்காது" என்றேன்.

அக்கா பம்பின் வாரை இழுத்துக் கட்டிக்கொண்டே கேட்டார்: "என்னா, நேத்து அவரு தேத்தண்ணி வாங்கிக் குடுத்தாரா?"

"இல்லக்கா, எட்டு மணி கூட்டணும், இங்க பாருங்க..."

கைப்பேசியை நீட்டினேன். அக்கா திரும்பிப் பார்க்காமல் வரிசைக்குள் இறங்கினார். நானும் பம்பை மாட்டிக்கொண்டு பின்னால் போனேன்.