ஐந்தாவது கூறு

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பரமத்தி வேலூர் ஆற்று மணலில், மூன்று ஆண்களுக்கு முன்னால் என் மனைவியின் பெயரைச் சத்தமாகச் சொன்னேன்.

இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. வீட்டுக்குள் ‘ஏ, இங்க பாரு’. வெளியில் ‘எங்க வீட்ல’. இப்படியே காலத்தை ஓட்டிவிட்டேன். நீங்கள் மட்டும் என்ன, தினம் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறீர்களாக்கும்!

சொல்கிறேன். நாமக்கல்லில் ஓர் எண்ணெய் மில்லில் நான் கணக்கு எழுதும் ரைட்டர் என்பது இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். ஆறு நாள் கடலைக்கும் புண்ணாக்குக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பேன். ஏழாம் நாள் மீன்பிடிக்கப் போய்விடுவேன். தனியாக அல்ல — நாலு பேர் சேர்ந்து காவேரியில் ஒரு பரிசலை அரை நாளைக்கு வாடகைக்குப் பேசிக்கொள்வோம். வெற்றிலை மண்டி முதலாளி பழனியப்பன், கம்பவுண்டர் தாமோதரன், போஸ்ட் ஆபீஸ் குமாஸ்தா ஒருவர், நான். பரிசல் ஓட்டுவதற்குக் காளியண்ணன்.

எங்கள் பரிசலில் ஒரு சட்டம் உண்டு. யார் தூண்டிலில் எது மாட்டினாலும் ஒரே கூடையில் போட வேண்டும். கரைக்கு வந்ததும் காளியண்ணன் எல்லா மீனையும் வாழையிலையில் சமமாகக் கூறு போடுவார். ஏறின ஆளுக்கு ஒரு கூறு, பரிசலுக்கு ஒரு கூறு. பிறகு எங்களில் ஒருவர் முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்க வேண்டும். காளியண்ணன் ஒரு கூறைத் தொட்டுக்கொண்டு, “இது ஆருக்குங்க?” என்பார். நிற்பவர் பார்க்காமலே ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். சொன்னால் சொன்னதுதான். பெரிய மீன் யாருக்குப் போனாலும் பேச்சு இல்லை.

அந்த முதுகு பெரும்பாலும் என்னுடையதாகவே இருக்கும். என் முகத்தைவிட முதுகின் மேல் இவர்களுக்கு நம்பிக்கை அதிகம்.

போன மாதம் போஸ்ட் ஆபீஸ் குமாஸ்தாவுக்கு ஆத்தூருக்கு மாற்றலாகிவிட்டது. பரிசலில் ஓர் இடம் காலி. சோறு போட்டுக்கொண்டிருந்தவளிடம் இதைச் சும்மா பேச்சுக்குச் சொல்லிவைத்தேன்.

“அந்த எடத்துக்கு நான் வாரேனுங்க” என்றாள்.

சிரித்தேன். சிரித்தது தப்பு.

“எதுக்குச் சிரிக்கறீங்க? வேலூர் எம்பட ஊருங்க. நீங்க தூண்டியில புழுக் கோக்கப் பழகறதுக்கு முன்னாலயே நான் அந்த ஆத்துல கெண்டை புடிச்சவ. பன்னண்டு வருசமா நீங்க கொண்டார மீனக் கழுவிக்கிட்டிருக்கறேன். ஒருக்காவாச்சும் நானே புடிச்சதக் கழுவோணும்.”

“மண்டி முதலாளி என்ன சொல்லுவாரோ...”

“வாடகையில எம்பங்க நான் குடுத்தர்றேன். அப்பறம் அவரு என்னத்தச் சொல்லோணும்?”

சனிக்கிழமை மாலை மில்லிலிருந்து ஒரு துண்டு கடலைப் புண்ணாக்கு மட்டும் கொண்டுவரச் சொன்னாள். கொண்டுவந்தேன். அதை இடித்து, ராகிக் களியோடு பிசைந்து, துணியில் முடிந்துவைத்தாள்.

ஞாயிறு காலை முதல் பஸ். இந்த யுத்த காலத்தில் பெட்ரோலுக்குப் பதில் கரி அடுப்பில் ஓடும் பஸ்ஸைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். அடுப்பைக் கிளறிக் கிளறிக் கண்டக்டருக்கு முகமெல்லாம் கரி. வழியெல்லாம் அவள் தூண்டில் கம்பைக் கையிலிருந்து விடவே இல்லை. நான்தான் முதலாளியிடம் எப்படி ஆரம்பிப்பது என்று ஏழெட்டு விதமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஆற்றங்கரையில் முதலாளி அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“ஏனுங்க ரைட்டரே, பொம்பளை ஏறுனா மீன் கடிக்காதுங்களே!”

“மீனுக்கு அதெல்லாம் தெரியுமுங்களா, முதலாளி?” என்றார் காளியண்ணன், கயிற்றை அவிழ்த்துக்கொண்டே.

நான் என்ன சொன்னேன்? ஒன்றும் சொல்லவில்லை. ஆற்றைப் பார்த்தேன். ஆறு நன்றாகத்தான் இருந்தது.

அதற்குள் அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பரிசலில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தவளை இறக்கிவிட யாருக்குத் தைரியம்?

“சரி சரி, பின்னால உக்காரட்டும். முன்னால நான்” என்றார் முதலாளி.

பரிசலைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? மூங்கில் பின்னி, மேலே தோல் போர்த்தி, பெரிய கூடை மாதிரி வட்டமாக இருக்கும். அதில் முன் எது, பின் எது? ஆனால் முதலாளிக்குப் பஸ்ஸிலும் முன்சீட்டு, வண்டியிலும் முன்சீட்டு. மூன்று வருஷமாகப் பரிசலிலும் முன்சீட்டில்தான் உட்காருகிறார். பரிசல் ஒரு சுற்றுச் சுற்றினால் முன்னால் இருந்தவர் பின்னால் போய்விடுவார். அவர் மட்டும் அதைக் கவனிப்பதில்லை. நாங்களும் சொன்னதில்லை. ஒருவருக்கு அது சந்தோஷம் என்றால் நமக்கு என்ன போச்சு?

பாறை ஓரத்து மடுவில் காளியண்ணன் பரிசலை நிறுத்தினார். அங்கே தண்ணீர் மெதுவாகச் சுழலும். பரிசலும் கூடவே திரும்பிற்று. முதலாளி கரைப் பக்கம் போனார். அவள் மடுவுக்கு நேராக வந்தாள். களி உருண்டையை முள்ளில் வைத்துத் தூண்டிலைப் போட்டாள். நாங்கள் மூவரும் வழக்கம் போல மண்புழு.

தக்கை ஒரு முறை ஆடியது. அவள் அசையவில்லை. இரண்டாம் முறை ஆடியது. அசையவில்லை. “இளு, இளு!” என்று முதலாளியே கத்திவிட்டார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூன்றாம் முறை தக்கை முழுசாக முழுகியதும் ஒரே வெட்டில் சுண்டி இழுத்தாள் — முழங்கை நீளக் கெண்டை ஒன்று பரிசலுக்குள் விழுந்து துள்ளியது.

அவள் முகத்தைப் பார்த்தேன். கல்யாணத்தன்றுகூட அவளை அப்படிப் பார்த்ததில்லை. எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. இவ்வளவு காலம் இதை நாம் பார்க்காமல் விட்டோமே என்றுதான்.

மத்தியானத்துக்குள் கூடையில் பத்துப் பன்னிரண்டு மீன் சேர்ந்தது. அவளுடையது நாலு. முதலாளிக்குச் சின்னதாக ஏழெட்டு. கம்பவுண்டருக்கு வழக்கம் போல ஒன்றும் இல்லை. மூன்று மாதமாக அவருக்கு ஒரு மீன்கூடக் கடித்ததில்லை. நான் எத்தனை பிடித்தேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. வாசகர்கள் என் மேல் ஏதோ கொஞ்சம் மரியாதை வைத்திருக்கிறீர்கள்.

கரைக்கு வந்தோம். காளியண்ணன் ஐந்து வாழையிலையை மணலில் விரித்தார்.

“அஞ்சு எதுக்கு? நாலு போதும்” என்றார் முதலாளி.

“ஏறுனது நாலு ஆளுங்க. பரிசலுக்கு ஒண்ணு. அஞ்சுங்களே?”

“ரைட்டரும் அவங்க ஊட்லயும் ஒரே அடுப்புதான? ஒரு அடுப்புக்கு ஒரு கூறு. இதுல என்னங்க இருக்குது?”

கேட்டால் நியாயம் போலத்தான் இருந்தது. அதுதான் ஆபத்து. நான் தலையை ஆட்டப் போனேன் — ஒப்புக்கொள்கிறேன், ஆட்டப் போனேன்.

“அடுப்பு ஒண்ணுதானுங்கண்ணா. எடம் ரெண்டுங்க” என்றாள் அவள். “நான் ஊட்டுக்காரரு மடியில உக்காந்தா வந்தேன்?”

கம்பவுண்டர் சிரித்துவிட்டு, உடனே இருமிக்கொண்டார்.

அவள் சிரிக்கவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. “புடிச்ச மீனுக்கா கூறு, ஏறுன ஆளுக்கா கூறு? ஆளுக்குன்னுதானுங்க இத்தன நாளும் போட்டீங்க. கம்பவுண்டருக்கு மூணு மாசமா மீனே கடிக்கல, அவரு கூற ஆராச்சும் நிறுத்துனீங்களா? எனக்கு மீன் பெருசில்லீங்க. கூறு இல்லீன்னா நான் ஏறுன கணக்கே இல்லீன்னு ஆயிரும். அடுத்த வாரம் எடமும் இருக்காது.”

முதலாளி காளியண்ணன் பக்கம் திரும்பினார். “நாலு. போடு, காளியண்ணா” என்றார்.

காளியண்ணன் என்னைப் பார்த்தார். நான் அப்போதாவது பேசியிருக்க வேண்டுமா, இல்லையா? பேனாவைப் பிடித்தால் பெரிய பெரிய ஆபீசரை எல்லாம் ஒரு கை பார்ப்பவன் நான். எதிரில் ஓர் ஆள் நின்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. காளியண்ணன் பெருமூச்சு விட்டு ஓர் இலையை மடித்து வைத்தார். மீன் நாலு கூறாயிற்று.

“திரும்பி நில்லுங்க, ரைட்டரே.”

திரும்பி நின்றேன். எதிரில் வெயில், மணல், அதற்கு அப்பால் வெற்றிலைக் கொடிக்கால். பின்னால் அவள் நிற்கிறாள் என்று தெரிகிறது. காலையிலிருந்து அவளுக்கு நான் காட்டிக்கொண்டிருப்பது இந்த முதுகைத்தான் என்று அப்போதுதான் உறைத்தது. காலையிலிருந்து என்ன... பன்னிரண்டு வருஷமாகவே!

“இது ஆருக்குங்க?”

“நல்லம்மாளுக்கு” என்றேன்.

பின்னால் அந்த இலையை ஒதுக்கும் சத்தம் கேட்டது.

“இது... ஆருக்குங்க?”

“பரிசலுக்கு.”

“இது?”

“கம்பவுண்டருக்கு.”

“இது?”

“முதலாளிக்கு.”

திரும்பினேன். இலைகள் தீர்ந்துபோயிருந்தன. “உங்களுக்கு எங்க சார்?” என்றார் கம்பவுண்டர்.

“ஒரு அடுப்புக்கு ஒரு கூறுன்னு முதலாளிதானுங்க சொன்னாரு. எங்க அடுப்புக்கு வந்திருச்சு. ஏறுன ஆளு பேருல வந்திருக்குது.”

ஒரு வழியாகச் சொல்லிவிட்டேன்.

முதலாளி நாலு இலையையும் ஒரு முறை எண்ணினார். கெட்ட மனுஷர் அல்ல. தாம் எடுத்த முடிவு தம் எதிரிலேயே வந்து நின்றால் யாருக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருக்கும். கடைசியில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “காளியண்ணா, கலைச்சு அஞ்சாப் போடப்பா” என்றார்.

காளியண்ணன் குனிந்தார்.

“வேண்டாமுங்கண்ணா” என்றாள் நல்லம்மாள். “சொன்னாச் சொன்னதுதான். அதுதானுங்க சட்டம்? இன்னிக்கு நாலாவே இருக்கட்டும். அடுத்த வாரம் அஞ்சாப் போடுங்க.”

“அடுத்த வாரமும் வாரியா அம்மிணி?” என்றார் முதலாளி.

“வாரேனுங்க.”

முதலாளி தலையை ஆட்டினார். தம் கூறை மடித்துக் கட்டிக்கொண்டு பத்தடி போனவர் நின்று திரும்பி, “அந்தக் களி உருண்டையில எனக்கும் நாலு கொண்டாறயா?” என்றார்.

“கொண்டாரேனுங்க. முன்னால நீங்களே உக்காந்துக்கோங்கண்ணா.”

அவருக்கு அதில் பரம திருப்தி. எனக்கோ அன்று முழுவதும் அதே யோசனை. வட்டமான பரிசலிலேயே முன்சீட்டு தேடுகிறவர்கள் நாம்! வீட்டிலும் ஆபீசிலும் ஊரிலும் எத்தனை பேரைப் ‘பின்னால் உட்கார்’ என்று சொல்லி வைத்திருப்போம்? சொன்னவரைக்கூட மன்னித்துவிடலாம். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஆற்றை வேடிக்கை பார்த்தவனை என்ன செய்வது?

சாயங்காலம் அவள் பிடித்த மீனை அவளே கழுவினாள். நான் செதில் உரசிக் கொடுத்தேன். குழம்பு கொதித்த வாசனை தெருமுனை வரைக்கும் போயிருக்கும். இலையில் பெரிய துண்டாக ஒன்றை வைத்தாள். ஆசையாகக் கை வைக்கப் போனேன்.

“பாத்துத் தின்னுங்க” என்றாள். “ஓசி மீனு, தொண்டையில நிக்கும்.”

முள் ஒன்றும் நிற்கவில்லை. இருந்தாலும் வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு மீனாவது நானே பிடித்துவிடுவது என்று தீர்மானித்திருக்கிறேன்.