மகள் காணி விசாரிக்கப் போன மாதம்

காலை ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு எங்கள் படலையடியில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. இரண்டு பேர். சீருடை இல்லை, ஆனாலும் புலனாய்வுக்காரர் என்று விளங்கியது. புட்டு அவியும் நேரத்துக்காக நான் குசினியில் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதனால் நேரம் மறக்கவில்லை.

மகளுக்கு அரசறிவியல், இறுதியாண்டு. உள்ளகப் பயிற்சி முடிக்காமல் பட்டம் இல்லை. கொழும்பில் ஒரு கொள்கை ஆய்வு நிலையம் அவளை எடுத்து, ஊரிலேயே வேலை கொடுத்தது. புதுக்குடியிருப்பில் எங்கள் வீட்டிலிருந்து உடையார்கட்டுப் பக்கம் போய், இராணுவ முகாமுக்குள் காணி அகப்பட்டவர்களோடு கதைத்து அறிக்கை எழுதவேண்டும். யாருடைய பெயரும் எழுதக்கூடாது என்பது நிலையத்தின் விதி. ஆனால் எங்கள் சனம், கோப்போடு யார் வந்தாலும் அடையாள அட்டை, காணிப் பேமிட் எல்லாவற்றின் போட்டோக்கொப்பியையும் கேட்காமலே எடுத்து நீட்டும். நிவாரணத்துக்கு வரிசையில் நின்ற காலத்துப் பழக்கம். இவள் வேண்டாம் என்றபோது ஒருவர் கோபித்துக்கொண்டாராம்.

"பேர் இல்லாட்டி ஆருக்குத் தங்கச்சி காணியை விடுவினம்? காத்துக்கோ?"

மறுத்துப் பேச மனமில்லாமல் எல்லாரிடமும் வாங்கி வந்துவிட்டாள்.

வந்தவர்களில் ஒருவர் நல்ல தமிழில் விசாரித்தார். யார் அனுப்பினது, எந்தெந்த வீட்டுக்குப் போனது என்றெல்லாம் கேட்டார். பெயர் சொல்ல முடியாது, அது விதி என்றாள் மகள். மற்றவர் எழும்பி, மேசையில் கிடந்த பையைத் திறந்து, அந்தப் போட்டோக்கொப்பிகளை ஒவ்வொன்றாகத் தொலைபேசியில் படம் எடுத்தார். நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"பயப்பிடாதேங்கோ அம்மா, நல்லாப் படிக்கிற பிள்ளை" என்று சொல்லி, நான் கொடுத்த தேத்தண்ணியையும் குடித்து முடித்துவிட்டே போனார்கள்.

மத்தியானம் அவர்கள் உடையார்கட்டில் நின்றதாகக் கேள்விப்பட்டோம். பின்னேரம், மகளோடு கதைத்தவர்களிடமிருந்து இனி வரவேண்டாம் என்று அழைப்புகள் வரத் தொடங்கின. ஒருவருக்குச் சுகமில்லை. ஒருவர் வவுனியா போகிறார். இன்னொருவர் தான் கதைத்ததே இல்லை என்றார். நிலையத்திலிருந்து பொறுப்பாளரும் அழைத்து, வெளிவேலையை நிறுத்திவிட்டுக் கொழும்புக்கு வரச் சொன்னார். மேசை வேலை தருவாராம். போ என்று நான் கெஞ்சினேன்.

"அங்க இருந்து ஆரின்ர கதையை எழுதுறது அம்மா?" என்றாள்.

ஒரேயொரு பெண்மணி மட்டும் அழைக்கவில்லை. அவரிடம் தொலைபேசி இல்லை. தன் கிணறு எந்த மூலையில் இருந்தது, எத்தனை தென்னை நின்றது என்று மகளிடம் அதிகம் கதைத்தவர் அவர்தான். அவர் ஒருவர் நின்றால் போதும், மற்றவர்களும் மெல்ல வருவார்கள் என்று மகள் நம்பினாள். எனக்கு நம்பிக்கை இருக்கவில்லை. ஆனாலும் படலைச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நானும் எட்டிப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் அவர் வந்தார். கதிரை போட்டேன், இருக்கவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ர பொடியன் ஆமிக்காரரின்ர பண்ணையிலதான் வேலை செய்யிறான் பிள்ளை. நான் காணி கேக்கேல்லை எண்டு எழுதிவிடுங்கோ."