கத்தாமல் ஒளிந்த லயம்

இரஞ்சிதத்தின் வீட்டுக் கதவுக்குப் பின்னால் எப்போதும் ஒரு பை தொங்கும். அதற்குள் ஒரு மாற்றுச் சேலை, பிஸ்கட் பக்கெட்டு, ஒரு போத்தல் தண்ணீர். கண்டிக்குக் கிட்ட, கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து எடுக்கிறவள் அவள்; அங்கேயே லயம் என்கிற வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருப்பவள். ரோட்டில் டயர் வெடித்தால் போதும், கை தானாகப் பைக்குப் போய்விடும். எண்பத்து மூன்று கலவரத்தில் வெறுங்கையோடு தேயிலைக்குள் ஓடியவள் அல்லவா, யார் குறை சொல்வது?

மகள் சிவமணிதான் சொல்வாள்.

"ஒன்னோட உடுப்பு ஒண்ணையும் இதுல வைடி," என்பாள் இரஞ்சிதம்.

"போம்மா, சண்ட வடக்குலதான நடக்குது. இருக்கிறதே ரெண்டு நல்ல சுடிதாரு. அதுல ஒண்ண மூட்ட கட்டச் சொல்றியா?"

இந்தப் பெண்ணுக்கு எதற்குமே பயமில்லையே, நாளைக்கு ஒன்று நடந்தால் வெறுங்கையோடு நிற்பாளே என்று இரஞ்சிதம் உள்ளுக்குள் குமைவாள்.

இந்த நேரம் பார்த்துத்தான் வெள்ளைக்காரர்கள் பேய்ப்படம் பிடிக்க வந்து சேர்ந்தார்கள். உலகத்தில் வேறு இடமே இல்லை பாருங்கள்! படத்தின் கதைப்படி, கண்டிக்கு உல்லாசப் பயணம் வந்தவர்களின் கமராவில் உலகம் அழிவதும், செத்தவர்கள் எழும்பி வருவதும் பதிவாகியிருக்குமாம். அவர்களோடு வந்த கண்டி டவுன் றிஸ்விதான் லயத்து ஆட்களுக்கு விளக்கினான்.

"பேய் வார நேரம் எல்லாரும் கத்திட்டு ஓடோணும், அக்கா. அவ்வளவுதான் வேல."

சிவமணி முதல் ஆளாகப் பேர் கொடுத்தாள்.

நிஜப் பயம் முகத்தில் தெரியட்டுமென்று, சொன்ன நாளுக்கு முதல் நாளே சொல்லாமல் கொள்ளாமல் தொடங்கிவிட்டார்கள், படுபாவிகள். பொழுது சாய்கிற நேரம், பந்தங்களோடு ஒரு கூட்டம் ரோட்டிலிருந்து லயத்தைப் பார்த்து ஓடிவந்தது.

ஒருவரும் கத்தவில்லை. இரஞ்சிதம் அடுப்பில் தண்ணீரை ஊற்றினாள், விளக்கை ஊதி அணைத்தாள், பையை எடுத்தாள். பக்கத்து வீட்டைத் தட்டவும் தேவைப்படவில்லை, அங்கேயும் இருட்டாகிவிட்டது. கண் மூடித் திறப்பதற்குள் முழு லயமும் பின்பக்கத் தேயிலைக்குள் குந்தியிருந்தது. கமரா வெறும் வீடுகளைப் படம் பிடித்துக்கொண்டு போனது.

"அக்கா, வெளிய வாங்க! ஒண்டுமில்ல, நாங்கதான்!" என்று றிஸ்வி தொண்டை கிழியக் கூப்பிட்டான். யாரும் அசையவில்லை.

தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போயிருந்த சிவமணி மட்டும் ஓடவில்லை; றிஸ்வியைக் கண்டுகொண்டாள். சிரித்தபடி தேயிலைக்குள் இறங்கி வந்தாள்.

"அம்மா, படந்தாம்மா! வெளிய வா, ஒண்ணுமில்ல!"

இரஞ்சிதம் அவளைப் பிடித்து இழுத்துக் கீழே உட்காரவைத்து வாயைப் பொத்தினாள்.

"அன்னைக்கும் இப்பிடித்தான் கூப்புட்டாங்க," என்றாள் காதோடு. "பேக்கரியிலருந்து நமக்குப் பாண் கொண்டாறவன். 'கறுப்பையா, வெளிய வா, ஒண்ணுமில்ல, எல்லாரும் போயிட்டாங்க'ன்னான். தெரிஞ்ச குரலாச்சேன்னு ஒங்கப்பா எந்திரிச்சுப் போனாரு."

அப்பா கலவரத்தில் செத்தார் என்பது மட்டும்தான் சிவமணிக்குத் தெரியும். எப்படி என்று அம்மா சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. மேலே றிஸ்வி இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். படம்தான் என்று நன்றாகத் தெரிந்திருந்தும் சிவமணி அம்மாவோடு ஒட்டிக் குந்திக்கொண்டாள். வேன்கள் போய்ச் சத்தம் அடங்கிய பிறகுதான் எல்லோரும் வெளியே வந்தார்கள்.

வீட்டுக்குள் வந்ததும் சிவமணி அலுமாரியைத் திறந்தாள். தீபாவளிக்குத் தைத்த சுடிதாரை எடுத்து மடித்து, பைக்குள் அம்மாவின் சேலைக்கு மேலே வைத்தாள்.

"செருப்பும் ஒரு சோடி வைடி," என்றாள் இரஞ்சிதம். "மலையில கல்லு குத்தும்."