சின்னதுக்கு அவள் பெயர்

ஒரே பாறை அடுக்கிலிருந்து இரண்டு வகைக் கற்கள் வந்தால் மனுஷன் என்னதான் செய்வான்? அறுபதுகளில், கல்யாணமான புதிதில், மஞ்சக்குப்பத்திலிருந்து தினமும் ரயிலேறிச் சிதம்பரத்துக்கு ஆராய்ச்சி செய்யப் போய்க்கொண்டிருந்த எனக்கு இதுதான் தலைவலி. கட்ச் பக்கத்திலிருந்து நானே மூட்டை கட்டிக் கொண்டுவந்த ஜுராசிக் கால அம்மோனைட்டுகள்; என்றோ அழிந்துபோய், சுருண்ட ஓடு மட்டும் கல்லாக மிஞ்சிய கடற்பிராணிகள். பெரியது சோற்றுத் தட்டு அகலம். சின்னது உள்ளங்கைக்குள் அடங்கும். வாயோரம் காது மாதிரி இரண்டு நீட்டல்.

பெரியதற்கு எவனோ ஒரு வெள்ளைக்காரன் போன நூற்றாண்டிலேயே பெயர் வைத்துவிட்டான். சின்னது புது இனம், அதற்கு உன் பெயர்தான் என்று மனைவியிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன். அவள் சும்மா இருந்தாளா? அண்ணாகிராமத்தில் இருந்த தகப்பனாருக்குக் கடிதம் போட, அதை யாரோ வாசித்துக் காட்டி, ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

ஆய்வேடு கொடுக்க ஒரு மாதம் இருக்கும்போது வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்று கண்ணில் பட்டுத் தொலைத்தது. இப்படிப் பெரிசும் சிறிசுமாகக் கிடைப்பவை ஒரே இனமாம். பெரியது பெண்ணாகவும் சின்னது ஆணாகவும் இருக்கலாமாம். இருக்கலாமாம்! யாரைப் போய்க் கேட்பது? இரண்டு வகையிலும் ஒவ்வொன்றை அறுத்துப் பார்த்தேன். உள்சுருள்கள் அச்சு அசல் ஒன்று. பேராசிரியரோ, "ரெண்டாவே எழுதுய்யா, எதுக்கு வம்பு?" என்றார். எழுதினால் பொய்யா, எழுதாவிட்டால் துரோகமா, ஒரு எழவும் பிடிபடவில்லை.

வீட்டில் சொன்னேன். "ரெண்டு வருஷமா பார்த்தீங்க, ஆம்பளையா பொம்பளையான்னுகூடத் தெரியலியா?" என்று சிரித்தாள். பிறகு அடுப்படிக்குப் போனவள் ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. நான் குழம்பிக் குழம்பி, கடைசியில் ஒரே இனம் என்றே எழுதினேன். வெள்ளைக்காரன் வைத்த பழைய பெயர்தான் இரண்டுக்கும் என்றாகி, அவள் பெயரை அடித்தேன்.

மறுவாரம் மாமனார் பலாப்பழத்தோடு வந்து இறங்கினார். படிக்கத் தெரியாத மனுஷர்.

"எங்க மாப்ள, எம்பொண்ணு பேரு வச்ச கல்லு? பஸ் ஏறுனதே அதுக்குத்தான்."

அவள்தான் மேசையிலிருந்து சின்னது ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தாள். நான் மையால் எழுதியிருந்த எண்ணைத் தொட்டுக் காட்டி, "இதாம்பா, இங்கிலீஷ்ல எழுதியிருக்காங்க" என்றாள். அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"ஊருக்கு எடுத்துட்டுப் போவட்டுமாம்மா?"

"எடுத்துட்டுப் போப்பா" என்றாள், என்னைப் பார்க்காமலே.

ஆய்வேட்டில் நான் படம் வரைந்திருந்த கல் அது. ஆய்வுக்கு அத்தாட்சியே அதுதான், கொடுக்கவே கூடாது. பலாப்பழம் அறுக்கக் கத்தி தேடுகிறவன்போல நான் உள்ளே போய்விட்டேன்.