பெரியவளின் வெள்ளைச் சிரிப்பு

அடுத்தவர் பல்லை வெளுப்பதுதான் பெரியவளுக்குப் பிழைப்பு. ஸ்டூடியோவின் பின்னறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பாள். கல்யாண ஜோடியோ, பள்ளிக்கூடக் குழுப் படமோ, எது வந்தாலும் முதலில் வாயைத்தான் பெரிதாக்குவாள். காபிக் கறை, சிகரெட் கறை, பிறவி மஞ்சள் எல்லாம் அவள் மவுஸை நகர்த்த நகர்த்தக் காணாமல் போகும். ஸ்டூடியோக்காரர் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பார். “கொஞ்சம் மஞ்சளை விட்டு வையும்மா. ரொம்ப வெளுத்துட்டா, பல்செட்டு மாட்டி விட்டுட்டியான்னு சண்டைக்கு வருவாங்க” என்பார்.

அவள் சிரிப்பாள். வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரிப்பாள்.

பெரியவளின் முன்பற்களில் காவி நிறத்தில் பட்டை பட்டையாகக் கறை. சின்ன வயதில் குடித்த ஆழ்குழாய்த் தண்ணீர் கொடுத்த சீர் அது. அதே தண்ணீரைக் குடித்த தங்கைக்கும் அதே கறை. பெற்றவர்கள் போன பிறகு, கல்யாணம் காட்சி எதுவும் கூடிவராமல், அக்காவும் தங்கையும் மாடியில் இரண்டு அறைகளில் குடியிருந்தார்கள். வீட்டில் வைத்த பேர் எல்லாம் ரேஷன் அட்டையோடு சரி. தெருவுக்கு அவர்கள் பெரியவள், சின்னவள்.

அவர்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. “வாயை மூடிட்டுச் சிரிங்கடி” என்று அம்மா அதட்டிய காலத்தில் விளையாட்டாக வந்தது. இருவரும் சேர்ந்திருக்கையில் சிரிப்பு வந்தால் தன் வாயைத் தானே மூடமாட்டார்கள். பெரியவள் வாயைச் சின்னவள் மூடுவாள். சின்னவள் வாயைப் பெரியவள் மூடுவாள். தன் சிரிப்பு எப்போது பீறிடும் என்று தனக்கே தெரியாது. மற்றவளுக்கு வரப்போவதை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். மூக்கு விடைத்ததும் கை போய்விடும். வயது ஏறியும் அந்தக் கை நிற்கவில்லை. டீவியில் யாராவது வழுக்கி விழுந்தால் போதும், சோபாவில் இரண்டு கைகளும் குறுக்கே பாயும்.

அந்தக் கையைத்தான் பெரியவள் ஒரு நாள் விற்றுவிட்டாள்.

சின்னவளுக்கு ஜவுளிக்கடையில் வேலை. முன்கவுண்டரில் அல்ல, பின்னால் கிடங்கில். துணி மூட்டையைப் பிரித்து, அளவுச்சீட்டு ஒட்டி, அடுக்கி வைக்க வேண்டும். எந்தத் துணி எந்தத் தட்டில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். முன்கவுண்டரில் ஓர் இடம் காலியானபோது தனக்குத்தான் என்று நம்பியிருந்தாள். மேலாளர் கூப்பிட்டு, “உன் வேலையில குறையே இல்லம்மா. ஆனா அங்க நிக்கிறவங்க வாயைத் திறந்து சிரிக்கணும், பாரு” என்று சொல்லிவிட்டார். நேற்று வந்த பெண் அந்த இடத்துக்குப் போனாள்.

அன்று மாலை வீட்டுக்கு வந்த சின்னவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் அக்கா மடியில் விழுந்து அழுதாள். “அவர் தப்பாச் சொல்லலக்கா. மரியாதையாத்தான் சொன்னாரு. அதான் தாங்கல” என்றாள். பெரியவளும் அழுதாள். தங்கையின் தலையைக் கோதிக் கோதி, “அந்தாளு நாசமாப் போக” என்று சபித்தாள்.

அந்த வாரமே போன் வந்தது.

கடல் கடந்த ஊரில் ஒரு பல் கிளினிக்கின் ரிசப்ஷனில் இருந்தாள் பெரியப்பா மகள். வெளிநாட்டுக்காரர்கள் விமானம் ஏறி வந்து பல்லைச் சரிசெய்துகொண்டு, இரண்டு இடம் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்புகிற மாதிரியான கிளினிக் அது. அவள் உற்சாகமாகச் சொன்னாள்: “வருஷத்துக்கு ஒருத்தருக்கு, இங்க வேலை பாக்கிற எங்க வீட்டு ஆளுங்களுக்கு இலவசமா செஞ்சு தருவாங்க. இந்த வருஷம் உங்களுக்குத்தான் கேட்டு வச்சிருக்கேன். உங்க கறையை மேலாத் தேய்ச்சு எடுத்துட்டு அப்புறம் வெளுப்பாங்களாம். ஆனா ஒருத்திக்குத்தான். பெரியவளா சின்னவளான்னு நீங்களே பேசி முடிவு பண்ணுங்க.”

சின்னவள் அப்போது குளித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் விழும் சத்தத்தோடு பாட்டும் கேட்டது. குளியலறைக் கதவைத் தட்டி, “ஏய், சீக்கிரம் வா, ஒரு நல்ல சேதி” என்று சொல்ல எத்தனை நேரம் ஆகியிருக்கும்? பெரியவள் கதவு வரைக்கும் போனாள். கையைக்கூடத் தூக்கினாள்.

தட்டவில்லை.

மறுநாள் ஸ்டூடியோவிலிருந்து பெரியப்பா மகளுக்கு அவளே பேசினாள். “சின்னவளுக்கு லீவு கிடைக்காதாம். அக்கா நீயே போயிட்டு வான்னு சொல்லிட்டா.”

“பெருந்தன்மைக்காரி” என்று மெச்சினாள் பெரியப்பா மகள்.

வீட்டில் வேறு கதை. ஸ்டூடியோக்காரர் மனைவிக்கு வெளிநாட்டில் மூட்டு ஆபரேஷன், துணைக்கு ஆள் வேண்டும் என்று கூப்பிடுகிறார்கள் என்றாள். ஸ்டூடியோவில் உறவுக்காரர் வீட்டு விசேஷம் என்றாள். சின்னவள் சந்தேகப்படத் தெரியாத ஜென்மம். பெட்டியில் அவளே துணி மடித்து வைத்தாள். “பாவம், அந்தம்மாவை நல்லாப் பாத்துக்கக்கா. ராத்திரி பாத்ரூம் போறப்ப கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போ” என்று சொல்லி அனுப்பினாள்.

கிளினிக் கண்ணைப் பறிக்கும் வெள்ளையாக இருந்தது. டாக்டர் இளம்பெண். முத்துமுத்தான பொய்ப்பற்களை வெள்ளையிலிருந்து மஞ்சள் வரை வரிசையாகக் கோத்த பட்டை ஒன்றைப் பெரியவளின் வாயருகே பிடித்தாள். எதுவும் பொருந்தவில்லை. “சிரிக்கச் சொல்றாங்க” என்று பெரியப்பா மகள் மொழிபெயர்த்தாள். பெரியவள் சிரிக்க முயன்றாள். வலக்கைப் பக்கம் யாரோ கை நீட்டி வாயை மூடுவார்கள் என்று உடம்பு காத்திருந்தது. அந்தப் பக்கம் ஒரு விளக்குத்தான் நின்றது.

உதடுகளை விலக்கிப் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் வளையத்தை மாட்டினார்கள். ஈறு மேல் பசை பூசினார்கள். கறையைத் தேய்த்தார்கள், கழுவினார்கள், குளிர்ந்த மருந்தைத் தடவினார்கள். கண்ணுக்கு ஆரஞ்சு நிறக் கண்ணாடி. நீல வெளிச்சம் வாய்க்குள் இறங்கியது. பல்லுக்குள் ஊசி ஏற்றியது போலச் சுரீர் என்றது. ஆனாலும் அவள் அழுதது அந்த வலிக்காக அல்ல. வாயை மூட முடியாமல், பேச முடியாமல், ஓடவும் முடியாமல் திறந்த வாயோடு கிடந்தபோது, செருப்போடு மடியில் விழுந்து அழுத தங்கை நினைவுக்கு வந்தாள். கண்ணீர் கண்ணாடிக்கு அடியில் வழிந்து இரண்டு காதுக்குள்ளும் போயிற்று. டாக்டர் பதறி விளக்கை அணைத்தாள்.

“ரொம்ப வலிக்குதான்னு கேக்கறாங்க” என்றாள் பெரியப்பா மகள்.

பெரியவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். வளையத்தை எடுத்ததும் பேசலாம், இப்போதே சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். வளையத்தை எடுத்தார்கள். முகம் பார்க்கும் கண்ணாடியை நீட்டினார்கள்.

கண்ணாடியில் இன்னொருத்தி இருந்தாள். அழகாக இருந்தாள். அந்தப் பாவி மனசு ஒரு நொடி எல்லாவற்றையும் மறந்துவிட்டது!

“சின்னவளுக்கு வீடியோ போடட்டுமா?” என்றாள் பெரியப்பா மகள், போனை எடுத்துக்கொண்டே.

“வேணாம்! நேர்ல போய் ஆச்சரியப்படுத்தறேன். நீயும் சொல்லிடாத.”

ஊர் திரும்பிய அன்று பல் பளபளவென்றிருந்தது. வாய்தான் திறக்கவில்லை. கறை இருந்த காலத்தில் மூடியதைவிட இறுக்கமாக மூடிக்கொண்டாள். கேட்டதற்கெல்லாம் தலையாட்டல், “ம்”, “ம்ஹூம்”. சின்னவள் காபி கொண்டுவந்து நீட்டினாள். நிறமுள்ள எதையும் கொஞ்ச நாளைக்குத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தாள்.

“வேணாம்.”

சின்னவள் டம்ளரோடு அப்படியே நின்றாள். “காபி வேணாமா? தூக்கத்துலயே காபி குடிக்கிறவ நீ!”

“பால் போதும்.”

“அக்கா, நிஜத்தைச் சொல்லு. அங்க உன் கிட்னியை எடுத்துட்டாங்களா?”

பெரியவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூக்கு விடைத்தது. சின்னவள் கை அனிச்சையாக நீண்டது. அந்தக் கை உதட்டைத் தொடுவதற்குள் பெரியவள் எழுந்து, “பல்லு கூசுது” என்று அடுத்த அறைக்கு ஓடிவிட்டாள். அது மட்டும் பொய்யில்லை.

பல்வலி என்று நம்பிய சின்னவள் இரண்டு நாளும் பாலில் ரொட்டியை ஊற வைத்துக் கொடுத்தாள். திட்டினால்கூட விழுங்கியிருப்பாள், இந்த அன்பை எப்படி விழுங்குவது?

மூன்றாம் நாள் ஸ்டூடியோவில் ஒரு மணப்பெண்ணின் வாயைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தாள். வாசலில் தங்கையின் குரல் கேட்டது. சின்னவள் சாப்பாட்டு இடைவேளையில் வந்திருந்தாள். கையில் புதிதாக வாங்கிய வெந்நீர் ஒத்தடப் பை.

“சார், அம்மா எப்படி இருக்காங்க? முட்டிக்கு இதை வச்சு ஒத்தடம் குடுத்தா நல்லா இருக்கும்.”

ஸ்டூடியோக்காரர் விழித்தார். அந்த நேரம் பார்த்து அவர் மனைவி, ஈரத்துணி வாளியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மாடிப்படியில் தடதடவென்று இறங்கி வந்தாள்.

“என் முட்டிக்கு என்னம்மா? நேத்து கூட அந்த எலியைத் தெருக்கோடி வரைக்கும் விரட்டிட்டுப் போனேனே!”

சின்னவள் ஒத்தடப் பையையும் அந்தக் கால்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பின்னறைக் கதவைப் பார்த்தாள். பெரியவள் அங்கே நின்றிருந்தாள். வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

சின்னவள் பக்கத்தில் வந்து அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள். “என்னக்கா மறைக்கிற? வாயைத் திற.”

திறந்தாள்.

அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பாள். சின்னவள் அடிக்கவில்லை. கண் விரிய, “ஐயோ! எவ்வளவு அழகா இருக்க!” என்று கத்தினாள். அக்காவைக் கட்டிக்கொண்டாள். “இதுக்கா பொய் சொன்ன, பைத்தியம்? எனக்கு வருத்தமா இருக்கும்னு நெனச்சியா? சார், எங்கக்கா பல்லைப் பாருங்க! அம்மா, நீங்களும் பாருங்க!”

“பாத்தியா, நான் சொல்லல? டியூப்லைட் மாட்டின மாதிரி இருக்கு” என்று ஸ்டூடியோக்காரரும் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

அங்கேயே எல்லாம் முடிந்துபோயிருக்கலாம். மன்னிப்பு கேட்காமலே கிடைத்துவிட்டது. இனி வாயைத் திறந்து சிரிக்க வேண்டியதுதான் பாக்கி. பெரியப்பா மகளிடம் எப்படியாவது பேசி வைத்துக்கொண்டால் உண்மை வெளியே வரவே வராது. ஆனால் தங்கையின் கை இன்னும் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தது. இப்போது விட்டால் ஆயுசுக்கும் இந்தக் கையை ஏமாற்ற வேண்டியிருக்கும் என்று பெரியவளுக்குத் தோன்றியது.

தங்கையைப் பின்னறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

“ஒருத்தி வரலாம்னு சொன்னா. உனக்கும் சேத்துத்தான் கூப்பிட்டா. யாருன்னு நம்மளையே பேசிக்கச் சொன்னா.”

சின்னவளுக்குப் புரியவில்லை. “யாரு?”

“பெரியப்பா மக. நீ குளிச்சிட்டு இருந்த. நான் உன்கிட்ட சொல்லல. உனக்கு லீவு இல்லைன்னு அவகிட்ட சொல்லிட்டேன்.”

“எப்ப?”

“நீ அழுதியே… அந்த வாரம்.”

கம்ப்யூட்டர் திரையில் அந்த மணப்பெண் பாதி வெளுத்த பல்லோடு சிரித்துக்கொண்டிருந்தாள். சின்னவள் அதையே பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: “நீ கேட்டிருந்தா, நீயே போக்கான்னுதான் சொல்லியிருப்பேன்.”

“தெரியும்டி.”

“தெரிஞ்சுமா கேக்கல?”

ஒருவேளை தங்கை ‘நான் போறேன்’ என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயந்துதானே கதவைத் தட்டாமல் திரும்பினாள்! அதை வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. சொல்லாமலே தங்கைக்கு விளங்கிவிட்டது.

“கடைக்கு நேரமாச்சு” என்றாள் சின்னவள். போகிற வழியில் ஒத்தடப் பையை ஸ்டூடியோக்காரர் மனைவியிடம் கொடுத்தாள். “வச்சுக்கங்கம்மா. என்னிக்காவது வலிக்கும்.”

மாலையில் பெரியவள் முந்தி வந்து சமைத்தாள். வீட்டைக் கூட்டினாள்; கூட்டிய இடத்தையே மறுபடி கூட்டினாள். சின்னவள் வந்தாள், முகம் கழுவினாள், தட்டை எடுத்துக்கொண்டு சோபாவில் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். பெரியவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அடுத்த வருஷம் நான் அவகிட்ட நேராப் பேசிக்கறேன்” என்றாள் சின்னவள், தட்டைப் பார்த்தபடி. “நீ நடுவுல வராத.”

“சரி.”

“போனைக்கூட எடுக்காத.”

“எடுக்கமாட்டேன்டி.”

டீவியில் ஒரு தடியன் நாற்காலி என்று நினைத்து வெறும் தரையில் உட்காரப் போனான். சின்னவள் மூக்கு விடைத்தது. எத்தனையோ வருடப் பழக்கம், பெரியவளின் கை தன்னால் நீண்டது.

சின்னவள் அதைப் பிடித்து, மெதுவாக, பெரியவளின் மடியிலேயே திருப்பி வைத்தாள்.

“வேணாம். தெரியட்டும்.”

பிறகு அக்காவின் முகத்தை நேராகப் பார்த்துச் சிரித்தாள். காவிப் பட்டைகள் அத்தனையும் தெரிய, கண்ணில் நீர் வரும் வரைக்கும், வாய் கொள்ளாமல் சிரித்தாள். பெரியவள் பார்வையைத் திருப்பவில்லை. திருப்ப அவளுக்கு உரிமை இல்லை. அவளுக்கும் சிரிப்பு வந்தது. அதோடு அழுகையும் வந்தது. மூடுவதற்குப் பக்கத்திலிருந்து கை வரவில்லை. மடியில் கிடந்த தன் கையையே எடுத்து, அந்த வெள்ளைப் பற்களை மூடிக்கொண்டாள்.